கேம்பர் வானின் கூரை யன்னல் ஒழுகினால்: காரணத்தைக் கண்டுபிடிப்பது முதல் மீண்டும் பூட்டுவது வரை

கூரை யன்னலின் மூலையில் ஒரு துளி தொங்குவதைக் கண்டதும் பலர் செய்வது ஒன்றுதான். அடுத்த வெயில் நாளில் ஹார்ட்வெயார் கடையில் ஒரு டியூப் சிலிக்கன் வாங்கி, கூரையில் ஏறி, சட்டத்தைச் சுற்றிப் பூசிவிட்டு இறங்குவார்கள். சில வாரங்களுக்கு ஒழுக்கு நிற்கும். பிறகு முன்பைவிட மோசமாக வரும். இந்தமுறை அது மூலையில் தெரியாது. உட்பக்கக் கூரைத்தட்டின் நடுவில் ஒரு பழுப்பு வட்டமாகத் தெரியும்.

இதற்குக் காரணம் எளிது. சட்டத்தின் அடியில் நீரைத் தடுக்கும் பழைய சீலண்ட் பசை ஓரிடத்தில் விட்டுப்போனதால்தான் நீர் நுழைகிறது. மேலே சுற்றிப் பூசிய சிலிக்கன் எங்காவது ஒரு மயிரிழை திறந்துகொண்டாலும் நீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழியிருக்காது. அது சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கி, பிளைவூட்டையும் தகட்டின் வெட்டு விளிம்பையும் தின்னும். வினாகிரி வாசம் வீசும் மலிவான சிலிக்கன் என்றால், அது இறுகும்போது வெளிவிடும் அமிலமே வர்ணமில்லாத இரும்பைக் கறள்பிடிக்க வைக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிக்கனின் எச்சம் இருக்கும் இடத்தில் அதன்பின் வேறு எந்தச் சீலண்டும் ஒட்டாது. ஆகவே முதலில் நுழைவாயிலைக் கண்டுபிடியுங்கள். அதுவரை சிலிக்கன் டியூப்பைத் திறக்கவே வேண்டாம்.

கொழும்பில் இது ஏன் சீக்கிரம் வருகிறது

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதமும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் மிகக் கடுமையானவை. ஆனால் மழையின் அளவைவிட அது வரும் விதம்தான் யன்னலுக்குக் கேடு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை முழுக்க வெயில் காயும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். வெயிலில் நின்ற இருண்ட நிறக் கூரை 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகியிருக்கும். மழை விழுந்ததும் சில நிமிடங்களில் அது 25 பாகைக்குக் கிட்ட இறங்கிவிடும். அக்ரிலிக் மூடியும் பிளாஸ்டிக் சட்டமும் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சுருங்குபவை. 700 மில்லிமீற்றர் நீளமான யன்னலில் 40 பாகை வீழ்ச்சிக்கு அக்ரிலிக் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் சுருங்கும். இரும்புக் கூரை 0.3 மில்லிமீற்றர்தான். நடுவில் இருக்கும் சீலண்ட் ஒவ்வொரு பிற்பகலும் அந்த வித்தியாசத்தைத் தாங்கவேண்டும். இறுகிக் கல்லாகிப்போன சீலண்ட் தாங்காது, ஒருபக்கம் விட்டுவிடும்.

அதே நேரத்தில் சட்டத்தின் கீழுள்ள வெற்றிடங்களில் சூடான காற்றும் சுருங்கும். அந்த உறிஞ்சலில், வெளியே நிற்கும் நீர் மிகச் சிறிய வழியால்கூட உள்ளே இழுபடும். யன்னல்களை மூடிவிட்டுக் கூரை விசிறியை வெளித்தள்ளும் பக்கத்துக்குப் போட்டால் இதே விளைவு இன்னும் பலமாக வரும்.

முதலில் இதைப் பாருங்கள்: இது ஒழுக்குத்தானா?

இரட்டைத்தட்டு அக்ரிலிக் யன்னல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிடியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று முழுப் பூட்டு. மற்றது காற்றுக்காக ஒரு சிறு இடைவெளி விட்ட நிலை. காற்று நிலையில் பூட்டிவிட்டு மழையில் ஓடினால், யன்னல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீர் வரும். இதைச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சட்டத்தைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வியர்வை நீர். நுவரெலியாவிலோ ஓட்டன் சமவெளிப் பக்கத்திலோ இரவு தங்கினால் வெளியே 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். உள்ளே இருவரின் மூச்சும், அடுப்பில் கொதித்த தேநீரின் ஆவியும் குளிர்ந்த மூடியில் படிந்து விடியும்போது சொட்டும். மூடியின் நடுப்பகுதி, சட்டம், பக்க யன்னல்கள் எல்லாம் ஒரேசமயத்தில் நனைந்திருந்தால், மழையும் பெய்யாதிருந்தால், அது ஒழுக்கு அல்ல. கொழும்பில் ஏசி போட்டுத் தூங்கும்போது நிலைமை தலைகீழ்: ஈரக்காற்று வெளியே இருப்பதால் மூடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். ஏசியின் குளிர்காற்று கூரைத்தட்டில் நேராகப் படும் இடத்தில், தட்டுக்குப் பின்னாலுள்ள ஈரக்காற்றும் படியலாம். மழையில்லாத இரவொன்றில் ஏசியின் காற்றுத் திசையை மாற்றிப் பாருங்கள். துளி நின்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டு தட்டுகளுக்கும் நடுவே மெல்லிய ஆவி தெரிவதும் வழமைதான். வெயிலில் அது போய்விடும். அங்கே நீர் தேங்கி ஆடினால் மூடியில் வெடிப்பு இருக்கக்கூடும்.

தொழிற்சாலையிலேயே பொருத்திவரும் சறுக்கும் கண்ணாடி சன்ரூப் வேறு சாதி. அதில் நீர் உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே நான்கு மூலைகளிலும் வடிகுழாய் வைத்திருப்பார்கள். அங்கே ஒழுகினால் பெரும்பாலும் குழாய் அடைத்திருக்கும். இங்கே சொல்வது கேம்பர் வான்களில் வரும் டொமெற்றிக் ஹெக்கி, ஃபியாமா வென்ட் போன்ற யன்னல்களையும், மெக்ஸ்பேன் வகை விசிறி யன்னல்களையும் பற்றியது.

நீர் நுழையும் ஐந்து வழிகள்

முதலாவது, மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள றப்பர் பீடிங். இது தட்டையாகிப்போயிருக்கும், அல்லது மூலையில் விட்டுப்போயிருக்கும், அல்லது அதன்மேல் குப்பை இருக்கும். தும்முல்லையிலிருந்து பௌத்தாலோக மாவத்தை வழியாக நிற்கும் பெரிய மரங்களின் கீழ் நிறுத்தப்படும் வாகனங்களில், சிறு இலைகள் பீடிங்கின் மேல் ஒரு திரிபோலப் படிந்து நீரை உள்ளே கடத்தும். இவ்வழியால் வரும் நீர் சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணுக்கு முன்னேயே சொட்டும்.

இரண்டாவது, வெளிச்சட்டத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவிலுள்ள சீலண்ட். இதுதான் அதிகம் கெடுவது. இங்கே நுழையும் நீர் உட்சட்டத்துக்குப் பின்னால் ஓடிக் கூரைத்தட்டில் வெளிப்படும்.

மூன்றாவது, மூடியிலோ சட்டத்திலோ மயிரிழை வெடிப்பு. பிணைச்சல் திருகாணிகளைச் சுற்றியும் கைப்பிடி பொருத்திய இடத்திலும்தான் இது வரும்.

நான்காவது, மேலிருந்து திருகாணி அடிக்கும் வகை என்றால், அந்தத் திருகாணித் துளைகள்.

ஐந்தாவதை மறந்துவிடாதீர்கள்: யன்னலில் பிழையே இல்லாதிருக்கலாம். சோலார் தகட்டின் வயர் இறங்கும் துளை, பந்தல் தண்டவாளத்தின் போல்ட்டுகள், கூரைக் கரியர், அன்ரெனா, பின்கதவுக்கு மேலுள்ள பிரேக் லைற் ஆகிய எதிலிருந்தும் நீர் வயர் வழியாகவோ கூரையின் குறுக்குச் சட்டம் வழியாகவோ ஓடி, வெட்டித் திறந்த இடமான யன்னலுக்கு வந்து சொட்டும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நிறுத்தினால் ஒருபக்கமும், சமதரையில் நிறுத்தினால் மறுபக்கமும் சொட்டுகிறதா? நுழைவாயில் சற்றுத் தொலைவில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

ஹோஸ் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, மற்றவர் உள்ளே டோர்ச்சுடன். வீட்டு மின்சாரம் வாகனத்துக்குக் கொடுத்திருந்தால் முதலில் கழற்றுங்கள். உட்சட்டத்தைக் கழற்றிவிடுங்கள், அது பெரும்பாலும் கிளிப்பிலோ சில திருகாணிகளிலோ இருக்கும். அது இருந்தால் ஒன்றும் தெரியாது. திறந்த விளிம்பைத் துணியால் துடைத்து, சுற்றிலும் டிசுத் தாள் துண்டுகளை ஒட்டுங்கள். ஒரு துளி பட்டாலும் டிசு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

ஹோஸில் மெதுவான ஓட்டம் போதும். உயர் அழுத்த வோஷர் வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் தாண்டி நீரைத் தள்ளி உங்களைத் தவறான வழியில் அனுப்பும். வாகனம் சாய்ந்திருக்கும் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் சட்டத்தின் அடி விளிம்பில் மட்டும், மூடியில் படாமல், ஒரு பக்கத்துக்கு பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அடுத்த பக்கம். நான்கு பக்கமும் முடிந்தபின்தான் பீடிங் மட்டத்துக்கு ஏறவேண்டும், கடைசியில் மூடியின் மேல். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. பத்து நிமிடம் நீளமாகத் தோன்றும். ஆனால் சீலண்டுக்குள் ஊர்ந்துவரும் நீருக்கு அவ்வளவு நேரம் தேவை.

நான்கு பக்கமும் காய்ந்தே இருந்தால் யன்னலை விட்டுவிட்டுச் சோலார் வயர்த் துளைக்குப் போங்கள்.

நீர்ச்சோதனை விடை தராவிட்டால் காற்றுச் சோதனை இருக்கிறது. எல்லா யன்னல்களையும் மூடி, தரையிலும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் உள்ள காற்றுத் துளைகளை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக மறைத்து, முன்பக்க ஏசியின் ஊதியை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் விடுங்கள். வெளியே கூரைச் சட்டத்தைச் சுற்றிப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். இந்தச் சோதனை நடக்கும்போது காஸ் அடுப்பு கட்டாயம் அணைந்திருக்கவேண்டும். முடிந்ததும் அத்தனை டேப்பையும் கழற்றுங்கள். காஸ் வெளியேறும் துளையை மூடியபடி விடுவது உயிராபத்து.

பீடிங் என்றால் வேலை சிறியது

மூடியைத் திறந்து பீடிங்கை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவிக் காயவிடுங்கள். விரலால் அமத்திப் பாருங்கள். திரும்பி எழும்பினால் நல்லது. பள்ளமாகவே நின்றால் மாற்றவேண்டும். மெல்லிய தாள் ஒன்றை வைத்து மூடியைப் பூட்டி இழுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் பிடிப்பு இல்லை என்பது தெரியும். சுற்றிலும் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்கு ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். ஒரு பக்கம் முழுவதுமே பிடிப்பில்லை என்றால் பெரும்பாலும் பீடிங்கில் பிழையில்லை. கைப்பிடியின் கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது பிணைச்சல் தளர்ந்திருக்கும்.

புதிய பீடிங்கை அதே மாதிரிக்குரியதாகவே வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும் கதவு பீடிங் பார்வைக்கு ஒத்திருக்கும். ஆனால் உயரம் 2 மில்லிமீற்றர் கூடினாலே மூடி வளைந்து பிணைச்சலில் வெடிக்கும். பீடிங்கின் இணைப்பு, கூரையின் உயர்ந்த பக்கத்தின் நடுவில் வராமல், தாழ்ந்த பக்கத்தின் நடுவில் வரட்டும். இழுத்துப் பூட்டாதீர்கள்; இழுத்த றப்பர் பின்னர் சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

கிறீஸ், எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் எதுவும் பீடிங்கில் படக்கூடாது. இந்த றப்பர் பெற்றோலிய எண்ணெயில் ஊதிப்போகும். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். முகப்பவுடர் போன்ற வெறும் டால்க், அல்லது கிளிசரின் கலந்த றப்பர் பராமரிப்புத் திரவம் நல்லது.

சட்டத்தின் அடியில் என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும்

இதற்குக் குறுக்கு வழி இல்லை. மழையில்லாத இரண்டு முழு நாட்கள் வேண்டும். கொழும்பில் அதற்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்கள்தான் நம்பகமானவை.

என்ன சீலண்ட் வாங்குவது என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. உட்சட்டமும் வெளிச்சட்டமும் திருகாணிகளால் ஒன்றையொன்று இறுக்கிக் கூரையைக் கவ்வும் வகைக்கு, காயாத பியூட்டைல் சீலண்டே சரி. டெக்காசீல் 8936, சிக்காலாஸ்டோமர் 710 ஆகியவை இந்த வகை. சட்டத்தைப் பிடித்து வைப்பது திருகாணியின் வேலை. நீரைத் தடுப்பது மட்டுமே சீலண்டின் வேலை. பியூட்டைல் என்றும் மென்மையாக இருப்பதால் அந்த 2 மில்லிமீற்றர் ஆட்டத்தைத் தாங்கும், நாளைக்குக் கழற்றவும் விடும். கண்ணாடி ஒட்டும் பொலியுரத்தேன் பசையைப் போடாதீர்கள். அதில் உள்ள கரைப்பான்கள் அக்ரிலிக், பொலிகாபனேற், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளில் வெடிப்பை உண்டாக்கக்கூடும். பிறகு கழற்றவேண்டி வந்தால் சட்டம் உடையும்.

டியூப் பியூட்டைல் கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப் நல்ல மாற்று. 20 முதல் 30 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஹெட்லைற் ஒட்டுவதற்கென விற்கும் கறுப்புக் கயிறு வேண்டாம். அது சூடாக்கினால்தான் இளகும், குளிர்ந்தால் விறைக்கும்.

அளவுக் கணக்கு இப்படி. 400 க்கு 400 மில்லிமீற்றர் திறப்புக்குச் சீலண்ட் வரி ஏறத்தாழ 1.8 மீற்றர். 700 க்கு 500 என்றால் ஏறத்தாழ 2.6 மீற்றர். 310 மில்லிலீற்றர் டியூப் ஒன்றிலிருந்து 8 மில்லிமீற்றர் தடிப்பான வரி 6 மீற்றர் வரும். இரண்டு வரி போடவேண்டும் என்பதால் சிறிய யன்னலுக்கு ஒரு டியூப் தாராளம். பெரியதற்கு ஒன்று மட்டுமட்டாகத்தான் போதும், இரண்டு வாங்குங்கள். டேப் என்றால் 5 மீற்றர் சுருள் ஒன்று.

இவற்றோடு பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோல், டர்பன்டைன், பருத்தித் துணி, மாஸ்கிங் டேப், கறள்மாற்றித் திரவம், துத்தநாகம் கலந்த பிரைமர், 120 ஆம் இலக்க மண்தாள், ஏணி, கூரையின் மேல் பாரம் பரவுவதற்கு ஒரு பலகை. பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் ஒரு காலைக்குள் இவை எல்லாம் சேர்ந்துவிடும்.

படி 1. மூடியைக் கழற்றுங்கள். தாங்கிக் கைகளையும் பிணைச்சலையும் விடுவிக்குமுன் தொலைபேசியில் படம் எடுத்து, எந்தத் திருகாணி எங்கே என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நீளம் மாறிய திருகாணிகள் மிக முக்கியமான தொல்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

படி 2. உட்சட்டத்தின் திருகாணிகளைக் கையால் கழற்றுங்கள். பிறகு வெளிச்சட்டத்தை மேலே எழுப்புங்கள். பியூட்டைல் என்றால் பிளாஸ்டிக் ஆப்பொன்றை ஓரிடத்தில் செருகி மெதுவாக நகர்த்தினால் வரும். வரவில்லையென்றால் நைலோன் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் இழுங்கள். ஹீட் கன் பாவிப்பதென்றால் கை தாங்கும் சூட்டுக்கு மேல் போகாதீர்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சட்டமும் வளையும், கூரையின் வர்ணமும் போகும்.

படி 3. பழைய சீலண்டை முற்றாக எடுங்கள். இரும்பில் டர்பன்டைன், அதன்பின் ஐசோபுரோப்பைல். சட்டத்திலும் மூடியிலும் சோப்பு நீர் மட்டும். தின்னரோ அசிட்டோனோ அக்ரிலிக்கில் ஒருமுறை பட்டாலே நுண்வெடிப்புகள் ஓடும். சில வேளை அது அன்றைக்குத் தெரியாது; அடுத்த மாத வெயிலில் தெரியும். பழைய சிலிக்கன் இருந்தால் அதற்கென்ற சிலிக்கன் நீக்கியைப் பாவித்து, விரல் வழுக்காத வரைக்கும் சுரண்டுங்கள். இந்தப் படிக்கு அரை நாள் போனாலும் அது வீண் அல்ல.

படி 4. வெட்டு விளிம்பைப் பாருங்கள். ஹையேஸ், நிசான் கேரவன் வான்களின் கூரையை வெட்டிப் பொருத்தியபோது விளிம்புக்கு வர்ணம் பூசாமல் விட்டிருந்தால், கடற்காற்றில் அது கட்டாயம் கறள்பிடித்திருக்கும். பளிச்சென்ற இரும்பு வரும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சும் கறளுக்குக் கறள்மாற்றி, பிறகு பிரைமர், வர்ணம் என்று பூசி 24 மணித்தியாலம் விடுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் கராஜில் தகடு வைத்துத்தான் தீரும். சீலண்டால் இரும்பை உருவாக்க முடியாது.

படி 5. கூரையின் தடிப்பை அளவுங்கள். ஒவ்வொரு யன்னலும் ஒரு தடிப்பு வரம்புக்குச் செய்யப்பட்டது. வெறும் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே உட்பக்கத்தில் திறப்பைச் சுற்றி ஒரு மரச்சட்டம் வைத்து அந்த வரம்புக்குக் கொண்டுவரவேண்டும். இது இல்லாமல் அல்லது மெல்லியதாக இருந்தால், திருகாணி அதன் துளையின் அடியைத் தொட்டு நின்றுவிடும். கைக்கு நல்ல இறுக்கமாகத் தெரியும். ஆனால் சட்டம் கூரையை அமத்தியே இருக்காது. சீலண்டை எத்தனை தடவை மாற்றினாலும் ஒழுகும் யன்னல்களில் காரணம் பெரும்பாலும் இதுதான். மரீன் பிளைவூட் அல்லது பதப்படுத்திய மரத்தில், 40 மில்லிமீற்றர் அகலமாக வெட்டி, இறுகும் பொலியுரத்தேன் பசையால் தகட்டில் ஒட்டுங்கள்; இங்கே பிளாஸ்டிக் இல்லாததால் அது பாதகமில்லை.

படி 6. கூரையின் வரிகளைச் சமப்படுத்துங்கள். ஹையேஸ் கூரையில் நெடுக வரும் மேடுபள்ளங்களைப் பியூட்டைலை அடுக்கி நிரப்புவது பரவலாக நடக்கிறது. 5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பியூட்டைல் கொழும்பு வெயிலில் மெல்ல வழிந்து இறங்கும்; பிறகு பள்ளத்தில் வழி திறக்கும். பள்ளத்தின் வடிவத்துக்கு வெட்டிய ஏபிஎஸ் அல்லது பைபர்கிளாஸ் பட்டிகளை எம்எஸ் பொலிமர் என்ற, இறுகியபின்னும் சற்று நெகிழும் பசையால் ஒட்டி, இறுகியபின் மட்டம் பார்த்துத் தேயுங்கள். எம்எஸ் பொலிமர் ஒரு நாளில் 3 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறுகும் என்று கணக்கிட்டுப் பொறுத்திருங்கள்.

படி 7. சீலண்ட் போடுங்கள். வெளிச்சட்டத்தின் அடியில், திறப்பு விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளி ஒரு வரி. சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து 5 மில்லிமீற்றர் உள்ளே இன்னொரு வரி. எங்கும் அறுபடாமல், தொடங்கிய இடத்தைத் தாண்டி 30 மில்லிமீற்றர் மேலே ஏற்றி முடியுங்கள். மூலைகளில் கை தானாக வேகமாகும்; அங்கேதான் வரி மெலியும். சட்டத்தை நேராக இறக்குங்கள். வைத்தபின் நகர்த்தினால் சீலண்ட் இழுபடும். அப்படி நடந்தால் எடுத்துத் துடைத்து மீண்டும் போடுங்கள்.

படி 8. திருகாணிகளைக் கையால், எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். சுற்றிலும் சீலண்ட் ஒரே அளவாக 2 முதல் 3 மில்லிமீற்றர் வெளியே பிதுங்கியதும் நிறுத்துங்கள். அடியில் ஒன்றரை முதல் 2 மில்லிமீற்றர் தடிப்பு மிஞ்சவேண்டும். பற்றரி டிரில்லால் முறுக்கினால் சீலண்ட் முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும், பிளாஸ்டிக் திருகு மேடும் வெடிக்கும். பிதுங்கியதை உடனே துடைக்காதீர்கள். ஓரிரு நாள் விட்டு, ஈரமான பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டியெடுத்தால் சுத்தமாக வரும்.

படி 9. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் நின்றபின் பியூட்டைல் படிந்திருக்கும். திருகாணிகளை ஒரேயொரு முறை கால்சுற்று இறுக்கி, மீண்டும் ஹோஸ் சோதனை செய்யுங்கள். உட்சட்டத்தின் அலங்கார மூடியை அதுவரை பூட்டாதீர்கள்.

மேலிருந்து திருகாணி அடிக்கும் வகை

மெக்ஸ்பேன் போன்றவற்றில் விளிம்புத் தட்டைக் கூரையின் மேல் வைத்து மேலிருந்து திருகுவார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஓர் ஓட்டை. தட்டின் அடியில் பியூட்டைல் டேப், திருகாணிகள் அதைத் துளைத்துப் போகும்படி. மேலே ஒவ்வொரு தலையையும் தட்டின் விளிம்பையும் எம்எஸ் பொலிமரால் மூடவேண்டும். இங்கே மேற்பூச்சு சரியானது, ஏனென்றால் அடியில் ஏற்கெனவே ஒரு தடை இருக்கிறது. மெல்லிய தகட்டில் திருகாணி பிடிக்காது. உள்ளே மரச்சட்டம் கட்டாயம். தெஹிவளை, பம்பலப்பிட்டி போலக் கடலோரத்தில் நிறுத்துபவர்கள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையே பாவியுங்கள். சாதாரண நாகம் பூசிய திருகாணியின் தலை கறள்பிடித்ததும் அதைச் சுற்றிய பொலிமர் கழன்றுவிடும்.

நனைந்ததைக் காயவைப்பது

ஒழுக்கை நிறுத்தினால் மட்டும் போதாது. கூரைத்தட்டுக்குப் பின்னாலுள்ள கண்ணாடிக் கம்பளி நீரைக் குடித்து வைத்திருக்கும். அதை எடுத்து எறியுங்கள், காயாது. ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைத்தகடு நீரை அவ்வளவாகக் குடிக்காது. ஆனால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே நீர் நிற்கும், ஆகவே கழற்றித் துடைக்கவேண்டும். பிளைவூட்டில் ஊசி ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் பத்து வீதம் என்று சொல்வதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நல்ல மரமே 14 முதல் 17 வீதம் காட்டும். 20 ஐத் தாண்டினால் இன்னும் காயவில்லை; 25 க்கு மேல் நீடித்தால் உக்கல் தொடங்கும். ஏசி அல்லது ஈரநீக்கியைக் கதவுகளை மூடிவிட்டு ஓடவிடுங்கள். கதவைத் திறந்து விசிறி போட்டால் வெளியிலுள்ள ஈரம்தான் உள்ளே வரும். விரலால் அமத்தினால் அமிழும் பிளைவூட்டை வெட்டி மாற்றுங்கள். அதன்மேல் வர்ணம் பூசி மறைத்தால் பூஞ்சணத்தோடுதான் தூங்கவேண்டியிருக்கும்.

மழை நடுவில் மாட்டிக்கொண்டால்

ஒக்டோபரில் ஒழுகத் தொடங்கினால் கழற்றும் வேலையை எடுக்காதீர்கள். பாதி கழற்றிய யன்னலின் மேல் பிற்பகல் மழை விழுவதுதான் எல்லாவற்றிலும் கேடானது. மழையில்லாத ஒரு காலையில் சட்டத்தின் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, பியூட்டைல் பின்பக்கம் கொண்ட அலுமினிய டேப்பைச் சட்டத்திலும் கூரையிலும் பாதிப்பாதியாகப் படும்படி ஒட்டி, துணியால் உருட்டி அமத்துங்கள். தாழ்ந்த பக்கத்தில் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள், உள்ளே இருக்கும் நீர் வடியட்டும். சிலிக்கனைப்போல் அல்லாது, இந்த டேப்பைப் பிறகு உரித்தெடுக்கலாம்; கூரையில் மிஞ்சும் பிசினை டர்பன்டைனால் துடைக்கலாம்.

மூடியில் வெடிப்பு என்றால் அதன் இரு நுனியிலும் 2 மில்லிமீற்றர் துளையிட்டு, இரட்டைத்தட்டானால் வெடித்த தட்டில் மட்டும், மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். வெடிப்பு நீளாமல் நிற்கும். புதிய மூடி வரும்வரை அது போதும்.

தறப்பாள் கட்டுவதென்றால் நடுவில் ஒரு மேடு கொடுத்துக் கட்டுங்கள். பள்ளத்தில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முற்றத்துக்கு வந்தால் வாகனக் கூரையையும் பார்ப்பார்.

வருடத்துக்கு இரண்டு முறை

ஏப்ரல் தொடக்கத்திலும் செப்ரெம்பர் கடைசியிலும் பீடிங்கைக் கழுவி டால்க் பூசுங்கள், தாள் சோதனை செய்யுங்கள், சட்டத்தின் மூலைகளில் உள்ள வடிதுளைகளைப் பல்குத்தியால் திறந்துவிடுங்கள். கடலோரத்தில் நிற்கும் வாகனமென்றால் மாதம் ஒருமுறை கூரையை நன்னீரால் கழுவுங்கள்.

மூடி, பீடிங், கைப்பிடி போன்றவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஓடர் கொடுக்குமுன் சட்டத்திலோ மூடியின் ஓரத்திலோ உள்ள மாதிரிப் பெயரையும் இலக்கத்தையும் படம் எடுங்கள். திறப்பின் அளவையும் கூரைத் தடிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு தடிப்பு வரம்புகளுக்கு வெவ்வேறு திருகாணிப் பொதிகள் வருவதுண்டு. ஜனவரியில் ஓடர் கொடுத்தால், மே மழைக்கு முன் பொருத்தி, அந்தக் கால்சுற்று இறுக்கலையும் முடிக்க நேரம் இருக்கும்.